சமாதானவிளையில் வற்றாத கிடாரம்

சபைக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊருக்கே போடுகிற அசன விருந்தன்று பகல் மூன்று மணிக்கு, கடைசிப் பந்தியும் எழுந்து கைகழுவப் போன பிறகு, கொட்டகையில் இருந்த பெரிய செம்புக் கிடாரத்தில் கறிக்குழம்பு காலையில் இறக்கி வைத்த மட்டத்திலேயே நின்றது. ஆயிரத்து நூறு பேர் சாப்பிட்டிருந்தார்கள். சமாதானவிளைக்காரர்கள் போதாதென்று பக்கத்து ஊர்ச் சம்பந்தக்காரர்களும், சம்பந்தக்காரர்களின் சம்பந்தக்காரர்களும், அந்த வழியாகப் போன மூன்று லாரி டிரைவர்களும் உட்கார்ந்து ஆளுக்கு ரெண்டு தடவை கறி வாங்கியிருந்தார்கள். ஆனாலும் குழம்பு கிடாரத்தின் விளிம்புக்கு நாலு விரல் கீழே, எண்ணெய் மினுங்க, அடியில் நெருப்பில்லாமலே லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் மாடசாமி துடுப்பை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, நனைந்த அளவைப் பார்த்து, "காலம்பற பாத்த அளவுதான்" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கப் போனார். நாற்பது வருஷமாக ஊருக்குச் சமைக்கிறவர். குழம்பு போதாமல் போனால்தான் அவருக்குக் கவலை, மிஞ்சினால் அது ஊர்க்காரர்களின் கவலை.

செய்தி நாலு மணிக்கு வேதக்கண்ணின் வீட்டுக்கு வந்தது. ஊர் அறிந்தவரை அசனம் சாப்பிடாமல் இருந்த ஒரே வீட்டுக்காரர் அவர்தான். மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார் எது புகைந்தாலும் அவர் வீட்டு முன்கொட்டகைக்குத்தான் வரும். பழைய கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி எண்ணிச் சுற்றுவார். எண்ணிக்கையில் ஒன்று தவறினாலும் மோட்டார் மறுபடி புகைந்துவிடும் என்பதால், சுற்றும்போது யார் கூப்பிட்டாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். மனஸ்தாபங்களையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். வியாதிக்காரருக்கான ஜெபத்தில் தன் பெயரை விட்டுவிட்ட பழைய பாதிரி ஐயர்மேல் ஒன்று, கிறிஸ்துமஸ் பஜனையில் தன் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு சரணம் குறைத்துப் பாடிய பாடகர் குழுமேல் ஒன்று, இப்படிச் சின்னச் சின்னதாக அரைக் குதிரைச் சக்தி மனஸ்தாபங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் பத்துக் குதிரைச் சக்தியில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது அசனத்தில் கிடைத்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே பண்டிகை, இதே கொட்டகை. மூன்றாம் பந்தியில், பந்தலின் மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் வேதக்கண் உட்கார்ந்திருந்தார். இடதுபக்கம் கொத்தனார் யோபு, வலதுபக்கம் போஸ்ட்மேன் பாக்கியம். கறிவாளி பிடித்து வந்தவன் வேறு யாருமில்லை, அவர் மனைவி ராகேலின் தம்பி சிகாமணி. அப்போது இருபது வயது, முதல்முதலாகப் பரிமாற வந்திருந்தான். போஸ்ட்மேன் இலையில் மூன்று துண்டு விழுந்தது, கொத்தனார் இலையில் ரெண்டு துண்டு விழுந்தது, நடு இலையில் வாளியின் நிழல் விழுந்தது. வேதக்கண் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு, பரமண்டல ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம் வரை காத்திருந்தார். பிறகு ஒரு பருக்கை தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தார். அன்றிலிருந்து அசனத்தன்று அவருக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான். சிகாமணியோடு பேச்சில்லை, அவன் கிணற்று மோட்டார் புகைந்தால் பதினைந்து மைல் தாண்டி டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ராகேல் மட்டும் பெண்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, கறி வாசம் கொஞ்சமும் இல்லாமல் வீட்டுக்குள் வருவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவளிடம் அடிக்கிற சோப்பு வாசத்தை வைத்தே அவள் எவ்வளவு ருசித்துச் சாப்பிட்டிருக்கிறாள் என்று வேதக்கண் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வருஷமும் சோப்பு வாசத்தோடுதான் வந்தாள்.

"ஏங்க, கிடாரம் குறையவே மாட்டேங்குதாம்."

வேதக்கண் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நூத்தி நாப்பத்தேழு, நூத்தி நாப்பத்தெட்டு. குறையாது. போட வேண்டிய ஆளுக்குப் போட்டாத்தான குறையும். நூத்தி நாப்பத்தொம்பது."

வாய்க்கு வந்ததைச் சொன்னாரே தவிர, யோசித்துச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கத் தூக்குவாளியோடு வந்தது. சனிக்கிழமையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் பெருகிய அதிசயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் நீண்டாலும் குழம்பு ஆறாது என்பதால் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எல்லா நாளும் பரிமாறியது சிகாமணிதான். முதல் வருஷம் பிடித்த கறிவாளியை அவன் பத்தொன்பது வருஷமாக விட்டுக்கொடுத்ததில்லை.

உபதேசியார் தீமோத்தேயுவுக்கு அது நல்ல காலம். கோயில் வாசலில் இருந்த கரும்பலகையில் தினம் ஒரு சிந்தனை எழுதுவது அவர் ஊழியம். ஈரவிறகு, அறுந்த செருப்பு, பால் பொங்கி வழிந்த அடுப்பு என்று அன்றாடம் கண்ணில் படுகிற எதிலிருந்தும் ஒரு பாடத்தைப் பிடித்துவிடுவார், ஆனால் சில நாள் எதுவும் கண்ணில் படாமல் காலையில் சாக்பீஸோடு தெருவில் அலைவார். இப்போது அலைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை எழுதினார்: "உன் பாத்திரம் நிரம்பி வழிந்தால் மூடியைத் தேடாதே, பக்கத்து வீட்டைத் தேடு." ஞாயிறு எழுதினார்: "குழம்பு ஆறாமல் இருப்பது அதிசயம். கோபம் ஆறாமல் இருப்பது வெறும் பழக்கம்." வேதக்கண் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, உபதேசியார்மேல் ஒரு கால் குதிரைச் சக்தி மனஸ்தாபத்தைப் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தார்.

ஒரு வாரத்தில் சமாதானவிளை கிடாரத்தோடு வாழப் பழகிக்கொண்டது. வீடுகளில் சோறு மட்டும் வடித்தார்கள், அம்மிகள் காய்ந்தன, இட்லிக்குக் கறிக்குழம்பு, தோசைக்குக் கறிக்குழம்பு, ஜுரக்காரன் கஞ்சிக்கும் ரெண்டு சொட்டுக் கறிக்குழம்பு. நாய்கள் குரைக்கச் சோம்பல்பட்டுக் கிடந்தன. பெண்கள் மத்தியானம் கொட்டகையில் கூடி, சமையல் வேலை இல்லாத நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், தீர்ந்துபோயிருந்த பழைய சண்டைகளை எடுத்து மறுபடி போட்டார்கள். சுகாதாரத்துக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து, ஒரு பாட்டிலில் குழம்பை எடுத்துக்கொண்டு, ஒரு இலையிலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காகிதம் வந்தது: இது ஆட்டுக்கறிக் குழம்பு, கெடவில்லை, உப்பு சற்றுக் குறைவு.

"பாத்தியா," என்றார் வேதக்கண் ராகேலிடம். அவர் அந்தக் குழம்பை நாக்கில் வைத்ததே கிடையாது. "கவர்மென்ட்டே எழுதிட்டான்."

எட்டாம் நாள் முதல் தடவையாக ஒருத்தி தூக்குவாளியைக் கொண்டு வந்து, கிடாரத்தைப் பார்த்து, வாளியைக் கவிழ்த்துப் பிடித்தபடி திரும்பிப் போனாள். ஒன்பதாம் நாள் ஊரே கறி வாசத்துக்கு மூக்கைச் சுளித்தது. வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்து ரசம் வைத்தார்கள். பத்தாம் நாள் உபதேசியார் பலகையில் நாலு வரி எழுதுகிற இடத்தில் ரெண்டே வார்த்தை எழுதினார்: "ஆண்டவரே, போதும்."

ஐயருடைய கவலை வேறு. வருகிற புதன்கிழமை சாம்பற்புதன். நாற்பது நாள் லெந்து என்கிற தவக்காலம் ஆரம்பம். அந்த நாற்பது நாளும் சமாதானவிளையில் எந்த வீட்டுச் சட்டியிலும் கறி ஏறக்கூடாது என்பது கோயில் கட்டின நாள் முதல் உள்ள ஒழுங்கு. கோயிலுக்கு எதிரிலேயே ஒரு கிடாரம் கறி கொதித்துக்கொண்டிருந்தால் எந்த முகத்தோடு உபவாசத்தைப் பற்றிப் பிரசங்கிப்பது? எட்டுப் பேர் கம்பு கொடுத்துச் சாய்த்துப் பார்த்தார்கள், சாயவில்லை. இருபது பேர் வரிசையில் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வாளி வாளியாக இறைத்துச் செம்மண் தேரி மணலில் ஊற்றினார்கள். தேரி குடித்தது, கிடாரம் குறையவில்லை. மண்வெட்டுகிற பெரிய இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள், அதன் கையே வளைந்தது. டிரைவர் இறங்கி வந்து ஒரு இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் ராகேல்தான் அதைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பெண்கள் கூட்டத்தில், வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் எத்தனை தடவை கறி வாங்கினார்கள் என்று பேச்சு வந்தபோது, "எங்க வீட்டுக்காரருதான் வாயே வைக்கலியே, போட வேண்டிய ஆளுக்குப் போட்டாத்தான் குறையும்னு வேற சொல்லிட்டிருக்காவ" என்றாள். ஊரில் ஒரு ஆள் இன்னும் பாக்கி என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த அரைமணியில் உபதேசியார் சபைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். படுக்கையில் கிடந்தவர்களுக்குத் தம்ளரில் கொடுத்திருந்தது, பால்குடிக் குழந்தைகளுக்கு நாக்கில் தொட்டு வைத்திருந்தது. சபையில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அறுநூற்றுப் பதினோரு பெயருக்கு நேரே டிக் விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் ஐயர், உபதேசியார், சபைப் பெரியவர்கள் நாலு பேர் எல்லோரும் காயில் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். சிகாமணியும் வந்திருந்தான், ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. முப்பத்தொன்பது வயதில் நெற்றி ஏறிவிட்டிருந்தது அவனுக்கு. வேதக்கண் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மோட்டாருக்கு வேண்டியதற்கு மேல் இருபது சுற்று அதிகம் சுற்றினார், அவ்வளவு சந்தோஷம்.

"என்ன ஐயா, எல்லாருமா வந்திருக்கிய. எங்கயாவது மோட்டார் புகைஞ்சிட்டா?"

"வேதக்கண் அண்ணாச்சி," என்றார் ஐயர், "நீங்க ஒரு வாய் சாப்பிடணும்."

"நான் காலம்பறயே சாப்பிட்டாச்சே. பழைய சோறு."

"அசனம் சாப்பிடணும்ங்கேன்."

"எனக்கு அசனத்துல கறி இல்லைன்னு பத்தொம்பது வருஷம் முந்தியே தெரியும் ஐயா. எதுக்கு வீணா ஒரு இலை?"

"அவ்வளவு குழம்பு கெடக்கு வே!" என்றார் ஒரு பெரியவர் பொறுக்க மாட்டாமல். "ஊரே மூழ்கும்போல கெடக்கு!"

"அப்ப ஊரே எனக்குக் காத்துக் கெடக்குன்னு சொல்லுதீரு."

ஐயர் ஆமென்பதுபோலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் வேதக்கண்ணுக்கு நல்லி எலும்பை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. கம்பியைக் கீழே வைத்தார்.

"சரி. அதே மூணாம் பந்தி. பந்தலோட மூணாவது கால். இடதுபக்கம் கொத்தனார், வலதுபக்கம் போஸ்ட்மேன்."

"கொத்தனார் மரிச்சு ஆறு வருஷமாச்சே அண்ணாச்சி," என்றார் உபதேசியார்.

"மவன் இருக்காம்லா. அவன் உக்காரட்டும். கறி மொதல்ல என் இலையில விழணும். அது விழுந்து, நான் பாத்து, தலையாட்டின பெறவுதான் மத்தவனுக்கு." வேலிப் பக்கம் பார்க்காமலே குரலை உயர்த்தினார். "போடுகது அன்னைக்கு யாரு வாளி பிடிச்சானோ அவனேதான் போடணும்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "போடுதேன் அத்தான்" என்று ஒரு சத்தம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை. வேதக்கண்ணுக்குக் காதில் விழுந்தது, விழாத மாதிரி கம்பியை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு ராகேல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்குச் சாப்பிட்டுட்டு வந்துட்டீயன்னா, அப்புறம் எதை வச்சுக்கிட்டு இருப்பிய?"

"என்னது?"

"காலம்பற எந்திரிச்சதும் முதல்ல எதை நெனைப்பீயன்னு கேட்டேன். பத்தொம்பது வருஷமா அதத்தான நெனைச்சிய."

வேதக்கண் அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்து, திட்டு கிடைக்காமல் மூடிக்கொண்டார். சுற்றின காயிலைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிரித்தால் அவ்வளவு நீளக் கம்பி. நடுவில் ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் பந்தல் கால் வரைக்கும் பேசி முடித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை பகலில் ஊர் முழுக்கக் கொட்டகையைச் சுற்றி நின்றது. வேதக்கண் வெள்ளை வேட்டி கட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவாக வந்து மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடதுபக்கம் கொத்தனார் மகன். வலதுபக்கம் ரிட்டயரான போஸ்ட்மேன், காது கேட்காதவர், இன்னொரு அசனம் என்று நினைத்து வந்தவர். ஐயர் ஜெபம் பண்ணினார். சோறு விழுந்தது. சிகாமணி வாளியோடு வந்தான். கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறினான். ஒரு கரண்டி கறி இலையில் விழுந்தது. ஐந்து துண்டு. வேதக்கண் எண்ணினார். தலையாட்டினார். பிசைந்தார். ஒரு வாய் வைத்தார்.

பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். அவர் மென்றார். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அவர் அதுவரைக்கும் சாப்பிட்ட எந்தக் கறியும் இப்படி இருந்ததில்லை, அதனால் அவர் முகத்தை இன்னும் கடுமையாக வைத்துக்கொண்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையைத் தன்பக்கமாக மடித்தார்.

எல்லோரும் கிடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடசாமி துடுப்பை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, நனைந்த அளவைப் பார்த்தார்.

"அதே அளவுதான்."

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அடுத்தவளைத் தொற்றி, அவளிடமிருந்து அடுத்தவளைத் தொற்றி, பந்தலைச் சுற்றி ஒரு சுற்று வந்துவிட்டது. "கிடாரம் அண்ணாச்சிக்குன்னு நெனைச்சோம், அண்ணாச்சியும் பந்திக்கு வந்த விருந்தாளிதான்!" என்று ஒருவன் சொன்னான். ஐயரே மேலுதட்டைக் கடித்துக்கொண்டார். வேதக்கண் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இலையில் கறி விழாதது இதோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை என்று ஆகிவிட்டது; அன்றைக்கு ரெண்டு பேர் பார்த்தார்கள், இன்றைக்கு ஊர் பார்த்தது. கிடாரம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆண்டவர் அவரை ஒரு பொருட்டாகவே வைக்கவில்லை. இனி மனஸ்தாபத்தை மனுஷர்மேல் வைத்துப் பிரயோஜனமில்லை, நேரே பரலோகத்தின்மேலேயே ஒரு இருபது குதிரைச் சக்தியில் சுற்ற வேண்டியதுதான் என்று அவர் தீர்மானித்து, எழுந்திருக்கத் தரையில் இடதுகையை ஊன்றினார்.

அப்போது ராகேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அவரிடம் வரவில்லை. வாளியோடு நின்ற தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏலே, நீ சாப்ட்டியா?"

"சாப்பிடுதேங்க்கா, அப்புறமா."

"அப்புறமான்னா?"

"பரிமாறுகவன் எல்லாரும் சாப்பிட்ட பெறவுதானக்கா உக்காரணும்."

"அன்னைக்கு அசனத்துல சாப்ட்டியா?"

சிகாமணி வாளிக்குள் பார்த்தான்.

"போன வருஷம்?"

வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் சாப்பிடலியே அக்கா," என்றான் மெதுவாக. "அத்தான் சாப்பிடலியே."

சிரிப்பு நின்றது. உபதேசியார் பதிவேட்டைப் புரட்டினார். சிகாமணி என்ற பெயருக்கு நேரே அவர் கையாலேயே போட்ட டிக் இருந்தது. "வாளி பிடிச்சவன் சாப்பிடாமயா இருப்பான்னு போட்டுட்டேன்" என்று அவர் யாரும் கேட்காமலே சொன்னார். பத்தொன்பது வருஷம், பத்தொன்பது அசனம். கிடாரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, ஊருக்கெல்லாம் போட்டு, கடைசியில் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருக்கிறான். நீ சாப்பிட்டாயா என்று அவனை யாரும் கேட்டதில்லை. பரிமாறுகிறவனிடம் யார் அதைக் கேட்கிறார்கள்?

நாலைந்து பேர் வாளியைப் பிடுங்க ஓடினார்கள். நான் போடுதேன், நான் போடுதேன் என்று ஒரே தள்ளுமுள்ளு. சிகாமணி யாரிடமும் கொடுக்கவில்லை. மூடிய இலைக்கு முன்னால் இன்னும் உட்கார்ந்திருந்த வேதக்கண்ணைப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான்.

வேதக்கண் எழுந்தார். கையைக் கழுவினார், தேவைக்கு அதிகமான நேரம் கழுவினார். திரும்பி வந்து, "ஏன் நிக்க? உக்காரு" என்றார். அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் சிகாமணி உட்கார்ந்தான். புது இலை போட்டார்கள். சோறு வந்தது. வேதக்கண் வாளியைக் கையில் எடுத்தார். அவர் வாழ்க்கையில் பரிமாறினதே கிடையாது. வாளி இவ்வளவு கனக்கும் என்றும், குனிந்தால் முதுகு இப்படி இழுக்கும் என்றும், ஒவ்வொரு இலைக்கும் ஒரு முகம் அண்ணாந்து பார்க்கும் என்றும், அந்த முகம் முதலில் கரண்டியைத்தான் பார்க்கும் என்றும் அவருக்குத் தெரியாது.

"மாப்ளே," என்றார் தாழ்ந்த குரலில், "அன்னைக்கு ஏன்லே எனக்குப் போடல?"

"நல்லி வந்துட்டு அத்தான்."

"என்னது?"

"போஸ்ட்மேனுக்குப் போட்டுட்டு உங்களுக்குன்னு கரண்டியை விட்டா, பெரிய நல்லி ரெண்டு ஏறி வந்துட்டு. மொத நாள் வாளி பிடிக்கேன். அத்தானுக்குன்னு பாத்துப் பாத்து நல்லியா போடுதான்னு சொல்லிருவாவளோன்னு பயம். அதான் அடுத்து இருந்த கொத்தனார் இலைக்குப் போட்டுட்டு, ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து போடலாம்னு போனேன். வந்து பாக்கேன், இலை மூடிக் கெடக்கு."

"இதைச் சொல்லுகதுக்கு என்னலே?"

"சொல்ல வந்தேம்லா. நூத்திப் பதினேழு, நூத்திப் பதினெட்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்திய. ஏறெடுத்தே பாக்கல."

வேதக்கண் வாளிக்குள் கரண்டியை விட்டார். கரண்டி வெளியே வந்தபோது அதில் ஒரு நல்லி எலும்பு, முழங்கை அளவு, உள்ளே மஜ்ஜை நிறைய, எண்ணெய் சொட்டச் சொட்டக் கிடந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை கண்ணும் அந்த நல்லியின்மேல்தான் இருந்தது. அவருடைய கை ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அடுத்த இலைப் பக்கமாகப் போய்த் தயங்கியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இருபது வயசுப் பையன் ஒருவனுடைய கை இதே இடத்தில் தயங்கியது எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்தது.

"பேசுகவன் பேசட்டும்," என்று சொல்லி, நல்லியை மச்சினன் இலையில் போட்டார்.

சிகாமணி சாப்பிட்டான். பத்தொன்பது அசனத்தையும் சேர்த்துச் சாப்பிட்டான். நல்லியை இலையோரத்தில் தட்டித் தட்டி உறிஞ்சினான். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தான்" என்றான். வேதக்கண் வாளியைத் தூக்கிக்கொண்டு கிடாரத்துக்குப் போனார். மாடசாமி உள்ளே துடுப்பை விட்டபோது, பதிமூன்று நாளாக யாரும் கேட்காத ஒரு சத்தம் கேட்டது: மரம் செம்பில் உரசுகிற கரகரப்பு. மாடசாமி எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு செம்பளவு குழம்பு, நாலு துண்டு, ஒரு கறிவேப்பிலை.

"அத்தானுக்கும் மச்சினனுக்கும் ஆளுக்குப் பாதியா வரும்" என்றார் மாடசாமி.

புதன்கிழமை காலையில் கிடாரத்தைச் சாய்த்தபோது அது சாதாரணக் கிடாரம் மாதிரி சாய்ந்தது. ஆராதனைக்கு முன்னால் அதைத் துலக்க வேண்டும்; அடியில் பதிமூன்று நாள் மசாலா கெட்டியாகப் பிடித்திருந்தது. வேதக்கண் அதற்குள் தலையையும் தோளையும் விட்டு உள்பக்கம் தேய்த்தார்; சிகாமணி வெளிப்பக்கக் கரியைத் தேய்த்தான். தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும்தான். கிடாரத்துக்குள்ளிருந்து வேதக்கண்ணின் குரல் பாதிரியார் குரல் மாதிரி முழங்கியது.

"மாப்ளே, என்ன இருந்தாலும் உப்புக் கொறைவுதான்லே."

"ஆமா அத்தான்."

"பத்தொம்பது வருஷமா பக்கத்துலயே நின்னிருக்க. மாடசாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எனக்கே நேத்துதான தெரியும்!"

கிடாரத்துக்குள் வேதக்கண் சிரித்தார். அது வெளியே வரும்போது பத்துப் பேர் சிரிக்கிற மாதிரி வந்தது. வேலிமேல் இருந்த காக்கை பறந்து போனது. "உன் மோட்டாரைச் சாயங்காலம் கொண்டாந்து போடு," என்றார் உள்ளேயிருந்தே. "டவுன்ல கட்டினதா? அவன் சுத்து எண்ணுகவனே கெடையாது."

உபதேசியார் சாக்பீஸோடு பலகைக்கு முன்னால் வந்து நின்றார். ரெண்டு பேரையும் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார், ஏதோ எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி அழித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. சமாதானவிளைக் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுகிற வழக்கம் என்றைக்கும் கிடையாது. ஆனால் அந்தச் சாம்பற்புதன் மட்டும், கழுவ நேரமில்லாமல், முழங்கை வரைக்கும் சாம்பலோடு ரெண்டு பேர் ஆராதனைக்கு வந்து, ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி, எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, அந்த நாலு கைகளையும் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.